லீவில் வரும் ஜவானுக்கு எது உதவி? டீயா, விடுதியா, வண்டியா

குன்னூர்ப் பக்கத்தில் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களுமாக ஒரு சிறு குழு வைத்திருக்கிறோம். கொடிநாள் வசூலுக்கு அலைவது, ஓய்வூதியத் தாள் எங்காவது சிக்கினால் விடுவித்துக் கொடுப்பது, சாவு வீட்டுக்கு மாலை கொண்டுபோவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது லீவில் வந்திருந்த பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து நாலு பேர் கூடினால் இதே பேச்சு. மறுபடி ஒரு போர் வந்து, அது சட்டென்று முடியாமல் இழுத்தால், நடுவில் லீவு கிடைத்து வருகிறவர்களுக்கு நாம் என்ன செய்வது?

யோசனைக்குப் பஞ்சமில்லை. ஸ்டேஷனில் டீயும் பலகாரமும் கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். ஊட்டியில் வீடு பிடித்து விடுதி நடத்தலாம் என்கிறார் இன்னொருவர். வீட்டுக்கு அழைத்து விருந்து, கலைநிகழ்ச்சி, கொடைக்கானலில் ஓய்வில்லம், வண்டி ஏற்பாடு என்று பட்டியல் நீளுகிறது. கையில் இருப்பதோ சொற்பப் பணம், ஆள்பலம் அதைவிடக் குறைவு. நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன். லீவு சர்டிபிகேட்டும் ரயில் வாரண்டும் எழுதியே தலை நரைத்தவன். ஆகவே இதில் என் பார்வை கொஞ்சம் கணக்குப்பிள்ளைப் பார்வையாகத்தான் இருக்கும்.

முதலில் யாருக்குச் செய்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ‘ஜவான்’ என்று சொன்னதும் நம் ஊரில் எல்லோருக்கும் கண்முன் வருவது வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் பயிற்சி பெறும் பையன்தான். ஒட்ட வெட்டிய முடி, ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸ், நாலைந்து பேராகக் குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து பஜ்ஜி தின்றுவிட்டு மணி பார்த்துக்கொண்டே திரும்புவது. அவனைத் தினம் பார்க்கிறோம், அதனால் அவனுக்காகவே திட்டம் போடுகிறோம். ஆனால் அவன் லீவில் வந்தவன் இல்லை. லீவில் வருகிறவன் காஷ்மீரிலோ அருணாச்சலத்திலோ இருந்து கோத்தகிரிக்கும் மஞ்சூருக்கும் பந்தலூருக்கும் வீடு திரும்பும் நம் மலைக்காரப் பிள்ளை. சாதாரண உடையில் வருகிறான், யார் கண்ணிலும் படுவதில்லை. மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்து, தங்க இடம் தேடும் மனைவியும் தாயும். இந்த மூன்று பேரையும் ஒரே தராசில் வைத்தால் எந்த யோசனையும் நல்ல யோசனையாகவே தெரியும்.

ஸ்டேஷன் டீயை எடுத்துக்கொள்வோம். இந்த யோசனைக்குப் பின்னால் அருமையான வரலாறு உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் பிளாட் என்று சுமார் 12,000 பேர் வாழ்ந்த ஒரு ரயில்வே ஊர். 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து பத்து நாள் ஆகியிருந்த நேரம், தங்கள் மாநிலத்துப் பையன்களின் படைப்பிரிவு ரயிலில் வருகிறது என்று கேள்விப்பட்டு ஊர் ஜனம் கிறிஸ்துமஸ் பண்டங்களோடு ஸ்டேஷனில் கூடியது. ரயில் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் கான்சாஸ் மாநிலத்துப் பையன்கள். கொஞ்ச நேரம் திகைத்து நின்றவர்கள், சரி, இவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்று கொண்டுவந்ததை எல்லாம் கொடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த ரே வில்சன் என்ற இளம்பெண், இதை ஏன் எல்லா ரயிலுக்கும் செய்யக்கூடாது என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்றே தொடங்கி, 1946 ஏப்ரல் 1 வரை அந்த ஸ்டேஷனில் கேன்டீன் நடந்தது. சுற்றுவட்டார ஊர்கள் முறை வைத்துக்கொண்டு சாண்ட்விச்சும் காபியும் கொண்டுவந்தன. பிறந்தநாள்காரப் பையனுக்குக் கேக் கிடைத்தது. சுமார் 60 லட்சம் படைவீரர்கள் அந்த நடைமேடையில் இறங்கி ஏறினார்கள்.

படிக்கும்போது நமக்கும் கை பரபரக்கிறது. ஆனால் அங்கே அது நடந்ததற்குக் காரணம் நல்ல மனசு மட்டும் இல்லை. படையினர் நிறைந்த ரயில்கள் கண்டத்தின் குறுக்கே போகிற வழியில் அந்த ஊர் இருந்தது. நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கவும் எண்ணெய் போடவும் பத்து, பதினைந்து நிமிடம் நின்றே தீரவேண்டும். மேட்டுப்பாளையம் அப்படிப்பட்ட இடமா? பாதை அங்கே முடிகிறது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் சுற்றுலாக் கூட்டம் இறங்கி மலை ரயிலுக்கு ஓடும். வடக்கிலிருந்து வரும் ஜவான் பெரும்பாலும் இறங்குவது கோயம்புத்தூரில். அங்கே இறங்கும் ஆயிரம் பேரில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்ட ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதுகுப் பையைப் பார்த்து ‘தம்பி பட்டாளமா?’ என்று போர்க்காலத்தில் பலர் முன்னால் கேட்பதும் நல்ல பழக்கமில்லை. நடைமேடையில் உணவு கொடுக்க ரயில்வே அனுமதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று தாள் வேலை வேறு. டீ வாங்கிக் குடிக்க அவனிடம் காசு இருக்கிறது. ஜோலார்பேட்டை, ஈரோடு போன்ற சந்திப்புகளில் படை ரயில்கள் நின்றுபோனால் அங்கிருப்பவர்கள் செய்யட்டும், அது அவர்களுக்குப் பொருந்தும். நமக்குப் பொருந்தாது.

அடுத்தது விடுதி. இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் போப்பரிங்கே ஊரில் 1915 டிசம்பரில் திறந்த டால்போட் ஹவுஸ். பதுங்குகுழிச் சேற்றிலிருந்து வருகிறவன் அங்கே அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசம் இல்லாமல் உட்காரலாம். நடத்தியவர் ஃபிலிப் கிளேட்டன் என்ற ராணுவப் பாதிரியார், எல்லோரும் டப்பி என்று கூப்பிட்டார்கள். அங்கே நூலகம் ஒன்று இருந்தது. புத்தகம் எடுக்க வேண்டுமானால் தொப்பியை அடமானம் வைக்க வேண்டும். தொப்பி இல்லாமல் பணிக்குத் திரும்ப முடியாதல்லவா, அதனால் புத்தகம் தவறாமல் திரும்பி வந்துவிடும். பட்டாளத்துக்காரன் மனசு தெரிந்த ஆள்!

நம் வெலிங்டனே பிறந்தது இப்படித்தான். சமவெளி வெயிலில் நோயில் விழுந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உடம்பு தேற 1850களில் ஜக்கதளாவில் பாரக்ஸ் கட்டினார்கள், அப்புறம் பெயரை மாற்றினார்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவான விஷயம், அங்கே தங்கியவன் வீட்டுக்குப் போகமுடியாதவன். அவன் வீடு கடலுக்கு அப்பால். விடுதி அவனுக்கு வீட்டுக்குப் பதில். ஆனால் கோத்தகிரிக்காரப் பிள்ளைக்கு ஊட்டியில் கட்டில் எதற்கு? பயிற்சி பெறும் பையன்களுக்குப் பாரக்ஸ் இருக்கிறது, அவுட்பாஸ் சாயங்காலத்தோடு முடிந்துவிடும். அப்படியானால் அறைகளில் யார் தங்குவார்கள் என்று கேட்டால், பதில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) ஜவான்களுக்கென்று நன்கொடை திரட்டிக் கட்டிய அறைகளை மே மாதத்தில் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய மைத்துனர் குடும்பம், வாசலில் குழந்தைகளின் ஈரச் செருப்பு. ஜவான் ஒருவர்கூட இல்லை. மலையில் சும்மா கிடக்கும் அறை சீசனில் சும்மா கிடக்காது.

கொடைக்கானல் யோசனையை நீளமாகப் பேசத் தேவையில்லை. ஏரி அழகு, அமைதி, எல்லாம் சரி. ஆனால் அங்கே ராணுவக் குடியிருப்பு இல்லை, ராணுவ ஆஸ்பத்திரி இல்லை, கொடை ரோடு ஸ்டேஷனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் மலைப்பாதை. பழனி மலைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்தால் நன்றாக இருக்கும். குன்னூரிலிருந்து நாம் போய் நடத்த முடியாது.

கலைநிகழ்ச்சியும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு என்ஸா, அமெரிக்காவுக்கு யு.எஸ்.ஓ. என்று பெரிய அமைப்புகளே இதற்கு இருந்தன. பாடகி வெரா லின் 1944ல் பர்மா முனைவரை போய்ப் பாடினார். நம் நாட்டில் இந்தி நடிகர்கள் சுனில் தத்தும் நர்கிஸும் அஜந்தா ஆர்ட்ஸ் குழுவோடு எல்லை முகாம்களுக்குப் போனார்கள், விவித் பாரதி வானொலியில் ஜவான்களுக்கென்றே ஜெய்மாலா என்ற பாட்டு நிகழ்ச்சி ஒலித்தது. எல்லாம் முகாமில் இருப்பவனுக்கு. பத்து நாள் லீவில் வீட்டுக்கு வந்தவனைச் சாயங்காலம் மண்டபத்துக்கு இழுத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தால், அது அவனுக்கு இன்னொரு பரேடு.

இந்த இடத்தில் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாராட்டு விழா வேண்டவே வேண்டாம். பொன்னாடை, பிளெக்ஸ் பேனர், மைக் பிடித்து ‘போர்முனை அனுபவத்தைச் சொல்லுங்கள் தம்பி’ என்று கேட்பது, அதை வாட்ஸ்அப்பில் போடுவது. போர் நடக்கும்போது யார் எங்கே இருந்து வந்தான், எப்போது திரும்புகிறான் என்பதே செய்தி. படை நகர்வை நேரலையாகக் காட்டாதீர்கள் என்று 2025ல் தொலைக்காட்சிகளுக்கு அரசே சொல்ல வேண்டியிருந்தது. தெருக்காரர்களுக்கும் அது பொருந்தும். இன்னொன்றும் உண்டு. திரும்பி வந்தவன் முதல் இரண்டு நாள் பேசமாட்டான். தூங்குவான், சாப்பிடுவான், தோட்டத்தில் போய் நிற்பான். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அவனுடைய அம்மா எல்லோருக்கும் காபி போட்டே சோர்ந்துபோவார்.

வீட்டு விருந்தை மட்டும் பாதி ஏற்கிறேன். அதுவும் லீவில் வந்தவனுக்கு இல்லை, சென்டரில் இருக்கும் வெளியூர்ப் பையன்களுக்கு. பொங்கலோ ஓணமோ வந்தால், சென்டர் அதிகாரிகளிடம் முறையாகக் கேட்டு அனுமதித்தால், சில வீடுகளில் இலை போடலாம். அவர்கள் ‘முடியாது’ என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். போர்க்காலத்தில் முடியாது என்று சொல்லவே வாய்ப்பு அதிகம்.

சரி, பிறகு எதுதான் வேண்டும் என்று கேட்பீர்கள். முதல் உலகப் போரிலிருந்தே இரண்டு சங்கதி சொல்கிறேன்.

1914, 1915ல் பிரான்சில் சண்டையிட்டு அடிபட்ட நம் நாட்டுச் சிப்பாய்களைப் பிரிட்டனில் பிரைட்டன் நகரத்து அரண்மனையிலேயே படுக்க வைத்தார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சமையல், தனித்தனித் தண்ணீர்க் குழாய். கவனிப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குப் போக லீவு மட்டும் இல்லை. காயம் ஆறினவனைத் திரும்பப் பதுங்குகுழிக்கே அனுப்பினார்கள். அதே ஊரில் இருந்த கிச்சனர் ஆஸ்பத்திரியில் தேறியவர்கள் வெளியே போகக்கூடாது என்று காவலே போட்டிருந்தார்கள். தணிக்கைக்காரர்கள் பிரித்துப் படித்த கடிதங்களில் சிப்பாய்களின் விரக்தி அப்படியே பதிவாகியிருக்கிறது. அரண்மனையில் படுத்திருந்தவனுக்கும் வேண்டியிருந்தது ஊர்தான்.

அடுத்தது 1917. பிரெஞ்சுப் படையில் பல பிரிவுகள் இனித் தாக்குதலுக்குப் போகமாட்டோம் என்று முரண்டு பிடித்தன. தளபதியாக வந்த பெத்தேன் தண்டனையும் கொடுத்தார், கூடவே லீவையும் ஒழுங்கு செய்தார். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் என்று முறை வந்தது. லீவுக்காரர்கள் ரயில் மாறும் ஸ்டேஷன்களில் சாப்பாடு, படுக்க இடம், குளிக்க வசதி, வழி சொல்ல ஆள் என்று ஏற்பாடு செய்தார். அதுவரை அந்தச் சிப்பாய் மணிக்கணக்கில் ஸ்டேஷன் தரையில் கிடந்து லீவைத் தொலைத்துக்கொண்டிருந்தான்.

நம் மலைக்கு இது அப்படியே பொருந்தும். அமைதிக் காலத்தில் ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்தர லீவும் 30 நாள் தற்செயல் லீவும் உண்டு. போர் என்று வந்துவிட்டால் அது காகிதத்தில் மட்டும்தான், கிடைத்த பத்து நாளைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜம்மு பக்கம் கத்ராவிலிருந்து ஹிம்சாகர் ரயிலில் ஏறினால் கோயம்புத்தூர் வரவே இரண்டு நாளுக்கு மேல். வண்டி தாமதமாகி நடுராத்திரியில் இறங்கினான் என்று வையுங்கள். மேட்டுப்பாளையம் போக 36 கிலோமீட்டர், அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறிக் குன்னூர், அங்கிருந்து அவன் ஹட்டிக்கு, அதாவது மலைக் கிராமத்துக்கு, காலையில் கிளம்பும் மினி பஸ். நாடு முழுக்கக் கடந்து வந்தவன் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு அரை நாள் கொடுக்கிறான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை சரிந்தால் ஒரு நாளே போய்விடும். 2009 நவம்பர் சரிவுகளை மறக்க முடியுமா? குன்னூர்ச் சாலை அடைபட்டால் கோத்தகிரிச் சாலை திறந்திருக்கிறதா என்று அவனுக்கு யார் சொல்வது?

கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களில் பலர் பெங்களூரு, மைசூரு வழியாக வருவார்கள். பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை. குறிப்பிட்ட சில பஸ்களும் ஆம்புலன்ஸும் தவிர எதுவும் போகாது. எட்டரைக்கு மைசூரில் இறங்கிக் கார் பிடிக்கிறவன் தடுப்புக் கட்டையில் விடியும்வரை உட்கார வேண்டியதுதான். ‘இன்றைக்குக் கிளம்பாதே, மைசூரிலேயே தூங்கி நாலு மணிக்கு எழு’ என்று முன்கூட்டியே போனில் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும், செலவே இல்லாத உதவி.

வண்டி விஷயத்தில் உள்ளூர் வண்டியாகப் பார்ப்பது முக்கியம். 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்டக் கார்களுக்கு இ-பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவெண்ணுக்கு வேண்டாம். கோவையில் டாக்சி பிடித்து வருகிறவன் கல்லாரில் நின்று போனை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். நம் ஸ்டாண்டு டிரைவர்களில் பழைய பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள், மலையில் இரவு ஓட்டிப் பழகினவர்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு உரிய வாடகையைக் குழு கொடுத்துவிட வேண்டும். சொந்தக் காரை அனுப்புகிறேன் என்று அன்பாகச் சொல்பவர்களிடம் அன்பாகவே மறுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பர்லியாறு வளைவில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

ஏறுவதைவிட இறங்குவதுதான் போர்க்காலத்தில் பெரிய பாடு. 2025 மே மாதச் சண்டையின்போது கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு வீட்டில் நானே இருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், லீவில் வந்திருந்த தம்பிக்குப் போன் வந்தது, உடனே புறப்படு என்று. காலையில் துவைத்துப் போட்ட துணி மழைச் சாரலில் காயவில்லை. அக்கா இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி ஆவி பறக்கத் தேய்த்தார். ஜீன்ஸின் இடுப்புப் பட்டை மட்டும் கடைசிவரை ஈரம். தம்பி அதையே மாட்டிக்கொண்டான். அப்பா திண்ணையில் நின்று டாக்சிக்காரர்களுக்குப் போன் போட்டபடி இருந்தார். சீசன் நேரம், எல்லா வண்டியும் சுற்றுலாப் பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கேரட் ஏற்றிய லாரி ஒன்றில் மேட்டுப்பாளையம் இறங்கிப் போனான். போர் நடுவே லீவு என்பது எந்த நிமிடமும் ஒரு போன் அழைப்பில் முடியக்கூடியது. அந்த அழைப்பு வந்தபிறகு கீழே இறங்க ஒரு வண்டி நிச்சயம் என்று தெரிந்தால்தான் வீட்டில் இருக்கும் நாளில் நிம்மதியாகத் தூங்க முடியும்.

வண்டியோடு சேர்த்து நான் கேட்பது தாள் வேலைக்கு ஓர் ஆள். வந்தவனின் லீவைத் தின்பது வேறென்ன? தாலுகா ஆபீசில் பட்டா மாற்றம், பேங்கில் கே.ஒய்.சி., ரேஷன் கார்டில் குழந்தை பெயர், பள்ளிக்கூடத்துக்குச் சான்றிதழ். விண்ணப்பத்தை முன்பே எழுதி, என்ன தாள் வேண்டும் என்று பார்த்துவைத்து, கையெழுத்துக்கு மட்டும் அவனைக் கூப்பிட்டால் இரண்டு, மூன்று நாள் மிச்சமாகும். நிலத் தகராறு கோர்ட்டில் இருந்தால் 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இருக்கிறது. போர்ப் பணியில் இருப்பவன் ஆஜராக முடியாதபோது விசாரணையைத் தள்ளிவைக்க அது வழி செய்கிறது. இது பலருக்குத் தெரியாது, வழக்கில் எதிர்த்தரப்புக்காரன் சொல்லவும் மாட்டான். இது ஒன்றும் புது வகைச் சேவை இல்லை. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள், மதப் பிரச்சாரம் செய்யமாட்டோம் என்று ஒப்புக்கொண்டு, எழுத்தறியாத நம் சிப்பாய்களுக்காக உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். 1916ல் அந்த அமைப்பின் இந்தியப் பொதுச் செயலாளராக வந்தவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். கால்பந்தும் கிராமபோனும்கூடக் கொண்டுபோனார்கள், ஆனால் ஊரோடு ஒட்டவைத்தது கடிதம்தான்.

ஆஸ்பத்திரிக் குடும்பங்களுக்கு அறை என்பது என் இரண்டாவது தேர்வு. அமெரிக்காவில் 1990லிருந்து ஃபிஷர் ஹவுஸ் என்ற பெயரில் ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு அருகே நோயாளிகளின் குடும்பம் இலவசமாகத் தங்க வீடுகள் கட்டிவருகிறார்கள். அருமையான காரியம். இங்கே தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான். பெரிய காயங்கள் பெங்களூரு, புனே என்று போய்விடும். வெலிங்டனுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது போரின் போக்கைப் பொறுத்தது. அதனால் வீடு வாடகைக்கு எடுக்காமல், வெலிங்டன் பஜார் பக்கம் சுத்தமான லாட்ஜ் இரண்டைப் பேசிவைத்து, தேவைப்படும் குடும்பத்துக்கு நாளுக்கு இவ்வளவு என்று நாம் கட்டிவிடலாம். ஆள் இல்லாவிட்டால் செலவும் இல்லை, மைத்துனர்களும் வரமாட்டார்கள்.

ஆக, பணத்தில் பெரும்பங்கு வண்டி வாடகைக்கு, ஒரு பங்கு லாட்ஜுக்கு, தாள் வேலைக்கு நம் உழைப்பு. மேட்டுப்பாளையத்தில் இரவு தங்க ஓர் அறை கிடைத்தால் நல்லது, மழைநாளில் கைகொடுக்கும். விடுதி, விழா, ஸ்டேஷன் டீ மூன்றையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அடுத்த கூட்டத்தில் முடிவாக வேண்டியது சில்லறை விஷயங்கள்தான். ராத்திரி போன் யார் கையில் இருக்கும்? முறை மாற்ற இரண்டாவது ஆள் யார்? குறித்துவைக்கும் நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர் தவிர யூனிட் விவரம் எதுவும் எழுதக்கூடாது, அதை யார் பார்த்துக்கொள்வது? டிரைவர்களிடம் வாடகையைச் சீசனுக்கு முன்பே பேசியாக வேண்டும், ஏப்ரல் வந்துவிட்டால் அவர்கள் நம் போனை எடுக்கமாட்டார்கள்.